சுண்ணாம்புப் பொட்டும் மைனஸ் 20-ம்

அப்பா களக்காட்டில் மைக் செட் வைத்திருந்தார். அவருடைய அகூஜா ஆம்ப்ளிஃபயரில், வால்யூம் திருகுக்குப் பக்கத்துத் தகட்டில், வெற்றிலைச் சுண்ணாம்பால் வைத்த ஒரு பொட்டு இருக்கும். கல்யாண வீடோ கோயில் கொடையோ, குழாயைப் பனை மரத்தில் கட்டி இறங்கியதும் திருகை அந்தப் பொட்டுக்கு நேராக நிறுத்திவிட்டுத்தான் "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" சொல்லுவார். "பொட்டத் தாண்டுனா குழாய் கதறும். பொட்டுக்குக் கீழ இருந்தா கடைசிப் பந்தியில இருக்கவனுக்குக் கேக்காது. ஏட்டி, பொட்டு அழியாமப் பாத்துக்கோ" என்பார். வெயில் காலத்தில் சுண்ணாம்பு உதிர்ந்துபோகும். திரும்ப வைப்பது என் வேலை.

இப்போது பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் மாடியில் ஒரு சின்ன எடிட் அறை வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் கொடை வீடியோக்கள், சர்ச்சுகளின் அசனப் பண்டிகை, பள்ளிக்கூட ஆண்டு விழா, நடுவில் எப்போதாவது சென்னைச் சேனல்களுக்குச் செய்தித் தொகுப்பு. கேமரா பிடிக்கிற பையன்கள் கொண்டுவந்து கொட்டும் கார்டுகளில் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சத்தம்தான் ஆளுக்கு ஒரு தினுசு. ஒருவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல எடுத்துவருவான், இன்னொருவன் காது கிழிய எடுத்துவருவான். இருவரும் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, லெவல் எவ்வளவு வைக்கணும்?"

அந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. மிக்சரில் ஒன்று, கேமராவில் ஒன்று, சேனலுக்குக் கொடுக்கும்போது ஒன்று என்று மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

எந்த சைபர்?

"மிக்சரில் முள் சைபரைத் தொட்டு நிக்குது, கேமராவில பாத்தா -20-ல கிடக்கு. வயர்ல கோளாறா?" என்று போன் வரும். கோளாறு எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்ததும் மறுகால் பாயும். அதற்கு மேலேயும் கரை சில அடி உயரம் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் திடீரென்று வெள்ளம் வந்தால் தாங்குவதற்காக விட்டுவைத்த இடம் அது. மிக்சரின் சைபர், மறுகால் மட்டம். கேமராவின் சைபர், கரையின் உச்சி. மறுகால் மட்டத்தைத் தண்ணீர் தாண்டலாம், தாண்டத்தான் செய்யும். கரையைத் தாண்டினால் உடைப்புதான்.

இனி எண்கள். பழைய அனலாக் உலகத்தில் முள் ஆடும் மீட்டருக்கு வியூ மீட்டர் என்று பெயர். 1939-ல் அமெரிக்காவில் வானொலிக்காரர்களும் தொலைபேசிக்காரர்களும் சேர்ந்து ஒத்துக்கொண்ட அளவு அது. தொழில்முறைக் கருவிகளில் அதன் சைபர் +4 டிபியூ (வயரில் வரும் வோல்ட்டை டெசிபலில் சொல்லும் அலகு), வோல்ட்டில் சொன்னால் ஏறக்குறைய 1.23. அந்த முள் மெதுவாகத்தான் நகரும், நிலைத்து நிற்க 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் அது காட்டுவது சராசரிச் சத்தத்தை. டமார் என்று ஒரு அடி விழுந்தால் முள் பாதி வழி ஏறுவதற்குள் அடி முடிந்துபோயிருக்கும்.

டிஜிட்டலில் அளவை மேலிருந்து கீழே எண்ணுகிறோம். உச்சி 0 டிபிஎஃப்எஸ். அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது, ஆகவே எல்லாம் மைனஸ். அனலாக் சைபரை இந்த ஏணியில் எந்தப் படியில் நிறுத்துவது என்பதுதான் ரெஃபரன்ஸ் லெவல். அமெரிக்காவின் சினிமா, டிவி பொறியாளர்கள் அமைப்பான எஸ்எம்பிடிஇ -20 என்றது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் கூட்டமைப்பான இபியூ -18 என்றது. பார்த்தால் இரண்டு டெசிபல் வித்தியாசம்தானே என்று தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எஸ்எம்பிடிஇ முறையில் -20-ல் நிற்பது +4 டிபியூ. இபியூ முறையில் -18-ல் நிற்பது 0 டிபியூ. அதாவது முதல் முறையில் கரையின் உச்சி +24 டிபியூ, இரண்டாவதில் +18. ஒரு முறையில் கட்டிய கருவியிலிருந்து இன்னொரு முறையில் கட்டிய கருவிக்கு வயர் இழுத்தால் வித்தியாசம் முழுசாக 6 டெசிபல். -20-ல் அனுப்பிய சோதனை டோன் அந்தப் பக்கம் -14-ல் போய் உட்காரும். இரண்டு பக்கமும் "நான் சரியாத்தான் வச்சிருக்கேன்" என்று சண்டை போடுவார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

என் அறையில் எல்லாம் -20. சேனல் கொடுக்கிற தாளில் -18 என்று இருந்தால் அந்த வேலைக்கு மட்டும் -18. தாள் சொல்வதே சட்டம். அதில் எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

-12 என்று சொல்கிற பழைய ஆட்களும் உண்டு. மினி டிவி (MiniDV) டேப் கேமரா காலத்துப் பழக்கம். அந்தக் கேமராக்களின் மைக் சுற்றில் இரைச்சல் அதிகம், 16 பிட்டில் மொத்த உயரமே 96 டெசிபல், ஆகவே கொஞ்சம் மேலேயே வைத்து எடுத்தார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு அது ஓடும். வில்லுப்பாட்டுக்கு ஓடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

டோன் வாங்குவது

மேளக்காரர்களிடம் ஒத்து என்று ஒரு குழல் உண்டு. நாதஸ்வரம் எங்கெங்கோ போய்வரும், ஒத்து ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும். ஒத்து ஊதுகிறவன் என்று ஊரே கேலி செய்யும். ஆனால் அவர் நிறுத்திவிட்டால் கச்சேரி தடுமாறும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் நமக்கு அந்த ஒத்து. ஏறாது, இறங்காது. அதனால்தான் அதை வைத்து இரண்டு மீட்டரைச் சேர்த்துக் கட்ட முடிகிறது.

சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, ஒரு நிமிசம் டோன் தாங்களேன்" என்று கேளுங்கள். "எதுக்குத் தாயி? பாட்டு ஓடுதுல்லா, அதப் பாத்து வச்சிக்கிடேன்" என்பார். பாட்டைப் பார்த்து வைத்தால் உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே நொடியில் ஒரே முள்ளைப் பார்த்ததாக உத்தரவாதம் இல்லை. பணிவாகத் திரும்பவும் கேளுங்கள். மிக்சரிலேயே டோன் பொத்தான் இருந்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் போனில் டோன் ஃபைல் ஒன்று எப்போதும் இருக்கட்டும், அதை ஒரு லைன் சேனலில் செருகச் சொல்லுங்கள். போனில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எதுவும் ஆனில் இருக்கக் கூடாது.

முக்கியமான ஒன்று: அதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொல்லுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் நாலு குழாயில் ஊர் முழுக்கக் கேட்டால் பூசாரி முதல் தெருநாய் வரை எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள். எனக்கு ஒருமுறை வந்தார்கள்.

அண்ணாச்சியின் மீட்டர் சைபரில் நிற்கட்டும். டிஜிட்டல் மிக்சராக இருந்தால் அதன் மீட்டரே உச்சியில் சைபர் வைத்திருக்கும், அப்போது டோனை அங்கேயும் -20-ல் நிறுத்தச் சொல்லுங்கள். இனி உங்கள் கேமராவுக்கு வாருங்கள். எக்ஸ்எல்ஆர் உள்ளீட்டின் சுவிட்ச் லைனில் இருக்க வேண்டும். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பான்டம் ஆஃப். ஆட்டோ லெவல் ஆஃப். பிறகு திருகை மெதுவாகத் திருப்பி டோனை -20-ல் நிறுத்துங்கள். முப்பது செகண்ட் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் உங்கள் குரலில் ஊர்ப் பெயர், தேதி, "டோன் மைனஸ் இருபது" என்று சொல்லிவிடுங்கள். எடிட் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு வரி அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அந்தச் சுவிட்ச் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நான் பட்டது அதில்தான். நாங்குநேரிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கொடை. கணியான் கூத்து. நடுராத்திரி, மகுடம் என்கிற பறை இரண்டும் உச்சத்தில். கேமராவில் சுவிட்ச் மைக்கில் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. டோன் வந்தபோது மீட்டர் எகிறியது. திருகை ஏறக்குறைய அடிவரை குறைத்ததும் அழகாக -20-ல் நின்றுவிட்டது. சரி என்று நினைத்துவிட்டேன். ஜெனரேட்டர் இரைச்சலில் ஹெட்ஃபோனிலும் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பாட்டு முழுக்கக் கிழிசல். மீட்டர் எங்குமே -8-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் கிழிசல்.

காரணம் இது. மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. மிக்சர் தருவது ஒரு வோல்ட்டுக்கு மேல். மைக்குக்காகக் கட்டிய முன்பெருக்கியில் லைன் சத்தம் நுழைந்ததும் அங்கேயே அலையின் தலை சீவப்பட்டுவிடுகிறது. ரெக்கார்டிங் திருகு அதற்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் குறைப்பது ஏற்கெனவே தலைபோன மொட்டைப் பனையை. குட்டையாக்கலாம், ஓலை திரும்ப முளைக்காது. அதனால் ஒரு கைவிதி வைத்திருக்கிறேன்: டோன் -20-ல் நிற்கும்போது திருகு ஏறக்குறைய நடுவில் நிற்க வேண்டும். அடிக்குப் பக்கத்தில் கிடந்தால் சுவிட்சைப் பார். கடைசிவரை திருப்பியும் போதவில்லை என்றால் அண்ணாச்சி ரெக் அவுட்டிலிருந்து வயர் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். சின்ன மிக்சர்களில் அந்தச் சிவப்பு வெள்ளைத் துளைகள் -10 டிபிவி (இதுவும் வோல்ட்டை டெசிபலில் சொல்லும் இன்னொரு அலகு) அளவில் வரும், +4-ஐ விட ஏறக்குறைய 12 டெசிபல் தாழ்வு.

லைன் சுவிட்சே இல்லாத சின்னக் கேமரா வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு டிஐ பெட்டி போடுங்கள். லைனை மைக் அளவுக்கு இறக்கித் தரும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற வகை வாங்கினால், ஜெனரேட்டர் ஓடும் இடங்களில் வருகிற 'உம்ம்' சத்தமும் பெரும்பாலும் போய்விடும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கிவிட்டேன், எனக்கு லெவலே வேண்டாம் என்கிற தம்பிகளுக்கும் ஒன்று. உங்கள் ஃபைலில் கரை இல்லை, வாஸ்தவம். ஆனால் மிக்சரிலேயே கிழிந்து வந்தால் அது கிழிந்ததுதான். கடைசியில் சேனலுக்குப் போகும் ஃபைலில் கரை திரும்ப வந்து நிற்கும்.

ஆட்டோ லெவலை ஏன் அணைக்கச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கொடை ராத்திரி போதும். சாமி வரும் நேரத்தில் வேட்டுப் போடுவார்கள். வேட்டு வெடித்த நொடியில் கேமரா பயந்து லெவலை இழுத்துக் குறைத்துவிடும். அடுத்த நாலைந்து செகண்டு பாடுகிற குரல் காணாமல்போய், மெல்ல மெல்லத் திரும்ப வரும். பாட்டு நின்றால் எதிர்மாறாக ஜெனரேட்டரும் கூட்டத்தின் இரைச்சலும் தானாகப் பெருத்து எழும். இதை எடிட்டில் சரிசெய்ய முடியாது.

வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு?

டோனை -20-ல் வைத்தாயிற்று. இப்போது புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: பாடுகிறவரின் குரலையும் -20-ஐத் தாண்டாமல் பிடித்துவைப்பார்கள். "ரெஃபரன்ஸ் அதுதானே அக்கா?" -20 என்பது மறுகால் மட்டம் என்றேன் அல்லவா, அது சராசரிக்கு. கேமராவில் இருப்பது முள் மீட்டர் கிடையாது, உச்சத்தைக் காட்டும் மீட்டர். சராசரி -20-ல் இருக்கிற பேச்சு, உச்ச மீட்டரில் -14-க்கும் -10-க்கும் நடுவே குதித்துக்கொண்டிருக்கும். அப்படிக் குதிக்கட்டும். -20-ல் குதித்தால் குரல் தேவைக்கு மேல் தாழ்ந்துவிட்டது.

வில்லுப்பாட்டில் அண்ணாவியின், அதாவது கதை சொல்லிப் பாடுகிற தலைவரின், குரலை வைத்து மட்டும் லெவல் வைக்கக் கூடாது. வசனம் சொல்லும்போது அவர் சாதாரணமாகப் பேசுவார். பக்கத்தில் இருப்பவர்கள் ஆமாம் போடுவார்கள். கதை சூடாகி வீசுகோல் வில்லின் மேல் விழ ஆரம்பித்தால் மணிகள், ஜால்ரா, உடுக்கை எல்லாம் சேர்ந்துகொள்ளும். குடம் அடிக்கிறவர் மட்டையால் குடத்தின் வாயில் ஒரு போடு போட்டால், காற்றே மைக்குக்குள் போய் மோதும். அந்த ஒரு அடி, குரலின் சராசரிக்கு மேலே 15 டெசிபல் சர்வசாதாரணமாக எகிறுவதை என் மீட்டரில் பார்த்திருக்கிறேன். சராசரி -20-ல் இருந்தால் அடி -5. கரைக்குள் இருக்கிறது. இதையே -12-ல் கட்டியிருந்தால் ஒவ்வொரு குட அடியும் உடைப்பு.

ஆகவே, தொடங்குவதற்கு முன் அண்ணாவியிடம் பேசச் சொல்லிப் பார்க்காதீர்கள். குடக்காரரிடம் போய், "அண்ணாச்சி, கத முடியுற நேரத்துல எப்படி அடிப்பீங்களோ அப்படி ஒரு அடி அடிங்க" என்று கேளுங்கள். அந்த அடி -6-க்குள் நின்றால் நிம்மதி. அவர் இப்போது அடிப்பதைவிட ராத்திரி இரண்டு மணிக்கு இன்னும் பலமாகத்தான் அடிப்பார். அந்த மிச்சத்துக்குத்தான் மீதி 6 டெசிபல்.

கேமராவில் இரண்டு சேனல் இருந்தால், ஒன்றில் மிக்சர் லைன் -20-ல், மற்றொன்றில் அதே லைன் இன்னும் 10 டெசிபல் குறைத்து. காப்புக்கு. நான்கு சேனல் இருந்தால் மூன்றாவதில் ஒரு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் வையுங்கள். மகுடம், தவில், பம்பை எல்லாம் தன்னாலேயே ஊருக்குக் கேட்கும் என்று அண்ணாச்சி அவற்றுக்கு மைக்கே வைத்திருக்க மாட்டார். அவர் லைனில் அவை அரைகுறையாகத்தான் இருக்கும்.

எடிட் மேசையில்

ஃபைலைத் திறந்ததும் டோன் இருக்கும் இடத்துக்குப் போய் மீட்டரைப் பாருங்கள். -20 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதறுவதற்கு முன் இரண்டு விஷயம். மோனோ ஃபைலை ஸ்டீரியோ டிராக்கில் போட்டால் சில மென்பொருள்கள் 3 டெசிபல் குறைத்துவிடும், அந்த அமைப்பைப் பாருங்கள். இரண்டாவது, நீங்கள் பார்ப்பது ஆர்எம்எஸ், அதாவது ஒரு வகைச் சராசரியைக் காட்டும் மீட்டராக இருக்கலாம். சைன் அலைக்கு உச்சத்துக்கும் ஆர்எம்எஸ்ஸுக்கும் 3 டெசிபல் இடைவெளி. ஆகவே அதே டோனைச் சில மீட்டர் -23 என்று காட்டும், சில மீட்டர் அந்த 3-ஐக் கூட்டி -20 என்றே காட்டும். இரண்டுமே பொய் சொல்லவில்லை. உங்கள் மீட்டர் எந்த ஜாதி என்று ஒருமுறை தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது காது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம் எடிட் செய்ய முடியாது. சத்தம் சரியா என்று கடைசியில் தீர்மானிப்பது காதுதான், அந்தக் காதுக்கும் ஒரு மட்டம் வேண்டும். காலையில் ஸ்பீக்கரைக் குறைத்துவைத்து வேலை செய்தால் ஃபைலில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவீர்கள். சாயங்காலம் கூட்டிவைத்தால் இறக்கிவிடுவீர்கள். அதற்கு ஒரே வழி, ஸ்பீக்கரின் திருகை ஓர் இடத்தில் கட்டிப்போடுவது.

பிங்க் நாய்ஸ் என்கிற இரைச்சல் ஃபைலை -20 ஆர்எம்எஸ்ஸில் ஓடவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர் மட்டும். நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் சவுண்டு லெவல் மீட்டரைப் பிடித்து, சி வெயிட்டிங், ஸ்லோ என்று வைத்துப் பாருங்கள். சினிமா மிக்ஸ் செய்யும் பெரிய கூடங்களில் 85 டெசிபல் வைப்பார்கள். நம் அறையில் அதை வைத்தால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். டிவி ஒளிபரப்புக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க ஏடிஎஸ்சி அமைப்பின் ஏ/85 பரிந்துரையில் அறையின் கன அளவுக்கு ஏற்ப ஓர் அட்டவணை இருக்கிறது. 1,500 கன அடிக்குக் குறைந்த அறைக்கு 76 டெசிபல். என் அறை 10-க்கு 12, உயரம் 10 அடி. 1,200 கன அடி. ஆகவே 76. மீட்டர் 76 காட்டிய இடத்தில் ஸ்பீக்கர் திருகின் பக்கத்தில் ஒரு ஒட்டுப் பொட்டு வைத்திருக்கிறேன், மெரூன் நிறம். சுண்ணாம்பு போல் உதிர்வதில்லை. அளக்கும்போது ஃபேனை அணையுங்கள். போனில் இறக்கிய மீட்டர் ஆப் முழுக்க நம்பத் தகுந்தது இல்லைதான், இருந்தாலும் ஒரே போனை எப்போதும் பயன்படுத்தினால் மட்டம் மாறாமல் இருக்கும். அதுதானே வேண்டும்.

இரண்டு வாரம் அந்தப் பொட்டில் வேலை செய்து பாருங்கள். வசனம் -20 பக்கம் இல்லை என்றால் மீட்டரைப் பார்க்காமலே உறுத்த ஆரம்பிக்கும்.

கொடுத்தனுப்புவது

முன்பெல்லாம் உச்சம் தாண்டாமல் இருந்தால் சேனல் வாங்கிக்கொள்ளும். விளம்பரக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். உச்சத்தை நசுக்கி, சராசரியைத் தூக்கிவிட்டால் விதியும் மீறப்படாது, சத்தமும் வீட்டையே தூக்கும். சீரியலுக்கு நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்ததும் ஆச்சி ரிமோட்டைத் தேடியதெல்லாம் அதனால்தான். நம் கேபிள் டிவி விதிகளின் விளம்பர நெறியிலேயே சத்தம் அளவு மீறி இருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. ஆனால் அளவு மீறியது என்பதை எதைக் கொண்டு அளப்பது?

அதற்கு வந்ததுதான் லவுட்னஸ் அளவு. காது எப்படிக் கேட்கிறதோ அதற்கு நெருக்கமாகக் கணக்கிடும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2006-ல் பிஎஸ்.1770 என்ற பெயரில் வெளியிட்டது. அதன் அலகு எல்யூஎஃப்எஸ். 2010-ல் இபியூ தன் ஆர்128-ஐக் கொண்டுவந்து, நிகழ்ச்சி முழுவதும் சேர்த்து -23 எல்யூஎஃப்எஸ், ட்ரூ பீக் -1-ஐத் தாண்டக் கூடாது என்றது. அமெரிக்காவின் ஏ/85 சொல்வது -24, ட்ரூ பீக் -2. முழு நிகழ்ச்சிக்கும் ஒரே எண் என்றால், அமைதியான இடங்கள் கணக்கைக் கீழே இழுத்துவிடாதா? இழுக்காது. -70-க்குக் கீழே உள்ளதையும், பிறகு சராசரிக்கு 10 கீழே உள்ளதையும் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். சாமியாடி மூச்சு வாங்குகிற இடைவெளியெல்லாம் அப்படிக் கழிந்துபோகும்.

டோனின் -20-ஐயும் லவுட்னஸின் -23-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டோன் என்பது அளவுகோலைச் சரிபார்க்க. லவுட்னஸ் என்பது அளந்து வந்த விடை. உங்கள் லவுட்னஸ் மீட்டரையே டோனால் சோதிக்கலாம்: 1 கிலோஹெர்ட்ஸ் டோனை இரண்டு சேனலிலும் -23-ல் ஓடவிட்டால் மீட்டர் -23 எல்யூஎஃப்எஸ் காட்ட வேண்டும். ஒரு சேனலில் மட்டும் ஓடவிட்டால் 3 குறைந்து -26. மாறிக் காட்டினால் எங்கோ ஒரு அமைப்பு தவறு.

ட்ரூ பீக் ஏன் என்றால், ஃபைலில் இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே அலை இன்னும் கொஞ்சம் மேலே ஏறி இறங்கலாம். சாதாரண மீட்டர் புள்ளிகளை மட்டும் பார்க்கும். சுருக்கப்பட்ட ஃபைலாக மாற்றும்போது அந்த மறைந்த உச்சம் வெளியே வந்து கிழியும். அதனால் நான் எப்போதும் -2-ல் நிறுத்திவிடுகிறேன், தாளில் -1 என்று இருந்தாலும்.

யூடியூபுக்கு வேறு கணக்கு. -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு மேல் சத்தமாக ஏற்றினால் அது தானாகக் குறைத்துவிடும். குறைவாக ஏற்றினால் கூட்டாது. -23-ல் ஏற்றினால் போனில் பார்க்கிறவர்கள் "சத்தமே இல்லை" என்று எழுதுவார்கள், நியாயம்தான். ஆனால் ஒரு வில்லுப்பாட்டை -23-லிருந்து -14-க்குத் தூக்குவது என்றால் 9 டெசிபல். -8-ல் நின்ற குட அடி +1-க்குப் போக வேண்டும், போக இடமில்லை, லிமிட்டர் அதை மண்டையில் தட்டும். தட்டிய குடம் பிளாஸ்டிக் வாளி போல் ஒலிக்கும். அதனால் வில்லுப்பாட்டை -16-ல் விட்டுவிடுகிறேன். பார்க்கிறவர் ஒரு கோடு வால்யூம் கூட்டிக்கொள்ளட்டும், குடம் குடமாக இருக்கட்டும். அசனப் பண்டிகைப் பிரசங்கம், ஆண்டு விழாப் பேச்சு எல்லாம் -14-க்கே போகும், அங்கே இழக்க ஒன்றும் இல்லை.

சேனல் பார்ஸும் (சோதனைக்கான வண்ணப் பட்டைகள்) டோனும் கேட்டால் வைத்துக்கொடுங்கள். இபியூ முறை டோனில் இடது சேனல் மட்டும் 3 செகண்டுக்கு ஒருமுறை கால் செகண்ட் விட்டுவிட்டு வரும். இடமும் வலமும் மாறிப்போயிருந்தால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

உள்ளூர் கேபிள்காரர்களிடம் தாள் எதுவும் இருக்காது. ஒரு சேனலுக்கு மாதக்கணக்காக -23-ல் கொடுத்துவந்தேன். ஒவ்வொரு முறையும், "ஒங்க ப்ரோகிராம் மட்டும் சத்தம் கம்மியா இருக்கு, கொஞ்சம் ஏத்திக் குடுங்கக்கா" என்பார்கள். ஒருமுறை ஏற்றியும் கொடுத்தேன். "இப்பவும் கம்மிதான், கூட இரைச்சலும் இருக்கு" என்றார்கள். கடைசியில் பென் டிரைவில் டோன் ஃபைலைப் போட்டுக்கொண்டு நேரே அவர்கள் அறைக்கே போனேன். நிகழ்ச்சி ஓட்டுகிற கம்ப்யூட்டரில் டோனைப் போட்டால் அடுத்து இருந்த, நிகழ்ச்சியைக் கேபிளில் ஏற்றுகிற மாடுலேட்டரின் மீட்டர் அசையவே இல்லை. தேடிப் பார்த்தால் விண்டோஸ் வால்யூம் 38-ல் கிடக்கிறது. யாரோ ராத்திரி டூட்டியில் ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பதற்காகக் குறைத்திருக்கிறார்கள். அதை ஈடுகட்ட இன்னொருவர் மாடுலேட்டரை முழுசாகத் திருகி வைத்திருக்கிறார். இரைச்சல் அங்கிருந்து வந்தது. விளம்பரங்கள் நசுக்கப்பட்டு வந்ததால் அவை மட்டும் அந்தக் குழப்பத்திலும் நீந்திக் கரையேறிவிட்டன.

வால்யூமை 100-ல் வைத்து, டோனை ஓடவிட்டு, மாடுலேட்டரை அதன் சைபருக்கு இறக்கினோம். பத்து நிமிசம் ஆகவில்லை. அடுத்த வாரம் கார்டு கொடுக்கப் போனபோது அந்த மானிட்டரின் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்: "சவுண்டத் தொடாதிய. அக்கா வச்சது."